பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை: மாடித் தோட்டத்துக்கு யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள்?

மாடித் தோட்டம் போட்ட நாலு பேர் கூடினால் ஒரு புகார் கட்டாயம் வரும். "கொடி நல்லா வருது, பூவும் பூக்குது, பிஞ்சு விட்ட மூணாம் நாள் மஞ்சளாகி விழுந்துடுது." உடனே ஒருவர் பஞ்சகவ்யம் தெளிக்கச் சொல்வார். இன்னொருவர் தேமோர்க் கரைசல் என்பார், மற்றொருவர் மீன் அமிலம் என்பார். எல்லாம் நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் பரங்கி, பாகல், பீர்க்கு வகையறாவில் பிஞ்சு உதிர்வதற்கான காரணம் பல நேரங்களில் மண்ணிலோ உரத்திலோ இருப்பதில்லை. பூ விரிந்திருந்த அந்தச் சில மணி நேரத்தில் வர வேண்டிய பூச்சி வரவில்லை, அவ்வளவுதான்.

பரங்கியையே எடுத்துக்கொள்வோம். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். முதலில் சில நாட்களுக்கு ஆண் பூ மட்டுமே வரும். அவை உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நீண்டு மெலிந்த காம்பு, நடுவில் மஞ்சள் பொடி அப்பிய ஒற்றைத் தண்டு என்றால் அது ஆண். பெண் பூவுக்குக் காம்பு குட்டை. இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு, பூ மலர்வதற்கு முன்பே இருக்கும். இதைப் பார்த்துத்தான் பலரும் காய் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது சூல்பை, மகரந்தத்துக்காகக் காத்திருக்கிறது. பூவின் நடுவே பிசுபிசுப்பான மூன்று மடல்கள் தெரியும். ஆண் பூவின் பொடி அங்கே வந்து ஒட்ட வேண்டும். ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் துகள் என்பது கணக்கு. பரங்கிக்குள் விதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதனால் ஒரு பூச்சி ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதாது, பல முறை வந்து போக வேண்டும். துகள் குறைவாகச் சேர்ந்தால் பிஞ்சு விழும், அல்லது ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பிய காய் வரும். இந்தத் துகள் பெரியது, பிசுபிசுப்பானது. காற்று தூக்கிக்கொண்டு போகாது.

சரி, இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் இருக்கிறது? பரங்கிப் பூ விடியும் முன்னே விரியத் தொடங்கும். பத்து, பதினொரு மணிக்கு வாடிச் சுருண்டுவிடும். மறுநாள் மீண்டும் விரியாது. அலுவலகம் முடிந்து மாலையில் மாடிக்குப் போகிறவருக்குத் தெரிவது மூடிய பூ மட்டும்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பந்தலில் ஒன்றாகப் படர்ந்திருக்கும் கொடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. பாகலும் வெள்ளரியும் பரங்கியைப் போலக் காலைப் பூக்கள். பீர்க்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மஞ்சளாக விரியும். கிராமத்தில் பீர்க்கம்பூவைப் பார்த்து விளக்கு வைக்கும் நேரத்தைக் கணக்கிட்ட பாட்டிகளுக்கு இது புதிதல்ல. சுரையும் மாலையில் விரிந்து இரவெல்லாம் வெள்ளையாக நிற்கும். புடலை இருட்டிய பிறகு, ஓரமெல்லாம் நூல் பிரிந்தது மாதிரியான வெள்ளைப் பூவைத் திறக்கும், நல்ல வாசனையோடு. இந்த வெள்ளையும் வாசனையும் அந்துப்பூச்சிகளுக்காக. அதிலும் பருந்து அந்து என்கிற பெரிய வகை, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும். பப்பாளியின் வெளிறிய பூக்களுக்கும் இதே கூட்டம்தான் வருகிறது. ஆகவே மொட்டை மாடியில் இரவு முழுக்கப் பளீரென்று விளக்கு எரியவிட்டு, அதன் கீழே புடலை வைத்துவிட்டு, காய் இல்லையே என்றால் என்ன செய்வது? அந்துகள் பூவை விட்டுவிட்டு விளக்கைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நேரம் சரியாக இருந்தும் பூச்சி வராமல் போவதற்கு இன்னொரு காரணம், நம்முடைய 'வகைக்கு ஒன்று' பழக்கம். ஒரு தொட்டியில் பாகல், ஒரு தொட்டியில் வெள்ளரி, ஒரு பையில் பரங்கி என்று வைப்போம். தேனீயின் வேலை முறை வேறு. ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் அது தேடிப் போகும். இரண்டே பூவுக்காக மூன்றாம் மாடிக்கு ஏறி வருவது அதற்குக் கட்டுப்படியாகாது. அதோடு, ஒற்றைக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே நாளில் விரியும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆறு வகைக்கு ஆறு கொடி வைப்பதற்குப் பதில், இரண்டு வகையில் மூன்று மூன்று கொடி வைத்தால் காய் நிற்பதில் வித்தியாசம் தெரியும். பக்கத்தில் துளசி, திருநீற்றுப்பச்சிலை, கொடிரோஸ், தும்பை என்று ஓயாமல் பூக்கும் சிலவற்றை விட்டுவைத்தால் தேனீக்களுக்கு இந்த முகவரி பழகிவிடும். கொத்தமல்லியை முழுக்கக் கிள்ளிவிடாமல் நாலு செடியைப் பூக்க விடுவதும் நல்லது. சிறு ஈக்களுக்கும் சிறு குளவிகளுக்கும் அந்தக் குட்டிப் பூக்கள்தான் வாய்க்கு எட்டும். பார்க்க அழகாக இருக்கிறதென்று வாங்கும் அடுக்குச் செம்பருத்தி, பந்து மாதிரியான கலப்பினச் செண்டுமல்லி போன்றவற்றில் இதழ்தான் அதிகம், பூச்சிக்குக் கிடைப்பது சொற்பம்.

தேனீ என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒரு வாரம் காலையில் கவனித்தால், வருவது ஒரு கூட்டமல்ல, பல கூட்டங்கள் என்று தெரியும். பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீ ஒன்று. தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் உயரமான கட்டடங்களிலும் ஆள் அகல அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ இன்னொன்று. நிலா வெளிச்சத்திலும் இரை தேடப் போகக்கூடியது, சில இரவுகளில் வீட்டு டியூப்லைட்டைத் தேடி வந்து விழுவதும் இதுதான். எலுமிச்சை, மருதாணிக் கிளையில் உள்ளங்கை அளவுக்கு ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ உண்டு. மின்சார மீட்டர் பெட்டியிலோ சுவர் விரிசலிலோ குடியிருந்து, வாசலில் பிசினாலும் மெழுகாலும் ஒரு பழுப்புக் குழாயை நீட்டி வைத்திருக்கும் கொசுத் தேனீயும் உண்டு. கொசுத் தேனீக்குக் கொட்டத் தெரியாது. ரொம்பத் தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும்.

இவை நாலும் கூட்டமாக வாழ்பவை. ஆனால் கத்தரிச் செடிக்கு உண்மையில் வேண்டிய ஆள் இவர்களில் யாரும் இல்லை.

கத்தரிப் பூவின் நடுவில் மஞ்சள் கூம்பு ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் மகரந்தப் பைகளின் கொத்து. ஒவ்வொரு பையின் நுனியிலும் சின்னத் துளை மட்டும் இருக்கும், மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும். உப்பு டப்பாவைக் குலுக்கினால்தான் உப்பு கொட்டும், இதுவும் அப்படித்தான். நீலப் பட்டைத் தேனீ என்று ஒன்று வரும். கருப்பு வயிற்றில் வெளிர் நீல வரிகள் இருக்கும், ஓரிடத்தில் நிலைகொள்ளாது. கத்தரிப் பூவில் தலைகீழாகத் தொங்கி, கூம்பைத் தாடையால் பற்றிக்கொண்டு, உடலை வளைத்து ஒட்டிக்கொள்ளும். சிறகை அசைக்காமல், பறக்க உதவும் மார்புத் தசையை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறி 'ஸீங்' என்று கேட்கும்; மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனால் இந்தச் சுருதி மாற்றத்தை நன்றாகவே கேட்கலாம். கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தச்சுத் தேனீயும் இதைச் செய்யும். தேன் தரும் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது. தக்காளிக்கும் இதே கதைதான், ஆனால் தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் காற்று ஆட்டினாலும் ஓரளவு நடந்துவிடும். கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்க்கும் ஐரோப்பியர்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து பம்பிள் தேனீக்களைப் பெட்டியில் வாங்கி உள்ளே விடுகிறார்கள். நம் சமவெளியில் பம்பிள் தேனீ கிடையாது. நீலப் பட்டையும் கருவண்டும் இருக்கும்போது அது தேவையும் இல்லை. அவசரத்துக்குப் பேட்டரி பல்துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் வைத்து அதிர வைப்பவர்களும் உண்டு. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்யும்.

கத்தரிப் பூ உதிர்ந்தாலே பூச்சி வரவில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய பெண் முனையான சூல்முடி கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். கூம்புக்குள்ளேயே குட்டையாக நின்றுவிட்டால் எந்தத் தேனீ வந்தாலும் அது உதிரத்தான் செய்யும்; அது செடியின் இயல்பு. தக்காளியோ வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் மகரந்தமே பழுதாகிப் பூவை உதிர்த்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் தக்காளி காய்க்கவில்லை என்று தேனீயைக் குறை சொல்லிப் பயனில்லை.

கருவண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுக்கும் வீடுகள் அதிகம். முருங்கைப் பூவுக்கு அதுதான் முக்கியமான விருந்தாளி. பாஷன் பழக் கொடி வைத்திருப்பவர்களுக்கு அது வராவிட்டால் கையால்தான் மகரந்தம் தடவ வேண்டியிருக்கும், அவ்வளவு பெரிய பூ அது. காய்ந்த மரக்கட்டையிலோ மூங்கிலிலோ வட்டமாகத் துளை போட்டுக் குடியிருக்கும். சும்மா கொட்டாது, ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. இந்த இனத்தில் ஒன்றுக்கு அறிவியல் பெயரே ஸைலோகோப்பா ட்ராங்க்வெபாரிகா. டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியின் பெயர்தான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை ஆராய்ந்தவர்கள், நிலவில்லாத இருட்டிலும் பறந்து பூக்களைக் கண்டுபிடிக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். தேனீ இனங்களில் இது மிக அபூர்வமான திறமை.

நீலப் பட்டை, கருவண்டு, இலைவெட்டித் தேனீ எல்லாம் தனிக்குடித்தனக்காரர்கள். ராணி, சிப்பாய், தேனடை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தன் கூட்டைத் தானே கட்டி, மகரந்தத்தைத் தேனில் பிசைந்து வைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். இவற்றுக்கு நம் வீடுகளில் இப்போது பூவைவிட இடம்தான் பஞ்சம். நீலப் பட்டைக்கு வெறும் மண்தரை அல்லது பழைய மண்சுவர் வேண்டும். நாம் முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டாயிற்று. கருவண்டுக்குக் காய்ந்த கட்டை வேண்டும், அதை அடுப்புக்கோ குப்பைக்கோ அனுப்பியாயிற்று. ரோஜா இலையிலும் துவரை இலையிலும் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியது போல் சுத்தமான அரைவட்டம் தெரிந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலையை அது தின்பதில்லை, கூட்டுக்கு உள்சுவர் வைக்கக் கொண்டுபோகிறது. அதற்கு மருந்தடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மாடியின் ஒரு மூலையில் ஒரு முழ மூங்கில் துண்டுகளைக் கட்டிப் படுக்கைவாக்கில் நனையாமல் வைத்து, ஒரு தொட்டி மண்ணை எதுவும் நடாமல் சும்மா விட்டுவைத்தால் போதும். ஆண் நீலப் பட்டைகள் பொழுது சாய்ந்ததும் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும். தேடிப் பார்த்தால் கிடைக்கும்.

மகரந்தச் சேர்க்கைக்காகவென்று மாடியில் அடுக்குத் தேனீப் பெட்டி வாங்கி வைப்பது இப்போது பரவி வருகிறது. என் கருத்தில் பத்துப் பதினைந்து தொட்டிக்கு அது வேண்டாத வேலை. நம் நாட்டு அடுக்குத் தேனீ இரை குறைந்தாலும் எறும்போ, அடையை அரிக்கும் மெழுகு அந்துப்பூச்சியோ தொல்லை கொடுத்தாலும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். தமிழ்நாட்டில் தேனீ வளர்ப்புக்குப் பெயர்போன மார்த்தாண்டம் பகுதியில் 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் பெட்டி வளர்ப்பைப் பரப்பினார். அங்கேயே 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பெயரைத் தாங்கிய 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் புழுக்களைத் தாக்கி, தென்கேரளமும் குமரியும் சேர்ந்து கூட்டங்களில் பெரும்பகுதியை இழந்தன. தலைமுறையாகத் தொழில் செய்தவர்களுக்கே அந்த நிலை. பெட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால் கொசுத் தேனீ வைக்கலாம். அதிக தூரம் போகாமல் பக்கத்துப் பூக்களையே சுற்றும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் பயமில்லை.

உங்கள் எலுமிச்சையில் கொம்புத் தேனீ தானாக வந்து கட்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். கிளையின் இரு பக்கமும் விரலால் தொட்டால் ஒட்டும். எறும்பு ஏறாமல் இருக்க அது பூசி வைத்த மரப்பிசின் வளையம் அது. அடையின் மேல்பகுதி கிளையைச் சுற்றித் தட்டையாக இருக்கும். இரை கண்டுவந்த தேனீ, பூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று மற்றவற்றுக்குச் சொல்ல அந்த மேடையில்தான் ஆடும். தேனீயின் ஆட்டத்தைப் படித்துச் சொன்ன கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கு வந்து இந்தச் சிறு தேனீயைக் கவனித்தார். இருட்டுப் பொந்துக்குள் செங்குத்து அடையில் ஆடும் தேனீ, சூரியன் இருக்கும் கோணத்தைப் புவியீர்ப்புத் திசைக்கு மாற்றி ஆட வேண்டியிருக்கிறது. கொம்புத் தேனீக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். திறந்த மேடை என்பதால், பூ இருக்கும் பக்கத்தை நேராகக் காட்டியே ஆடிவிடும்.

பூவுக்கு வராமல் இலைக்கும் புழுவுக்கும் வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஜன்னல் மூலையில் மண்குடுவை கட்டும் குளவியைப் பற்றி நம்மூரில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: புழுவைக் கொண்டுவந்து வைத்துக் கொட்டிக் கொட்டி அதையும் குளவியாக்கிவிடும் என்பார்கள். வேதாந்தத்தில் உவமையாகவே ஆகிவிட்ட சங்கதி. நடப்பது அதைவிடக் கொடூரமானது. குளவி கொட்டியதில் புழு சாகாது, அசைய முடியாமல் கிடக்கும். கூட்டுக்குள் குளவி ஒரு முட்டை இட்டு வாசலை மண்ணால் அடைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு, கெடாமல் உயிரோடு கிடக்கும் புழுக்களைத் தின்று வளர்ந்து ஒருநாள் மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். தோட்டக்காரருக்கு இதில் லாபமே. ஒரு கூட்டுக்குப் பல புழுக்கள் கணக்கில் கழிகின்றன.

பொறிவண்டின் கதை வேறு. சிவப்பு வண்டை எல்லோருக்கும் பிடிக்கும். அதன் குஞ்சு கருப்பாக, முட்கள் மாதிரி முடிச்சுகளோடு ஊரும். புதுப் பூச்சி வந்துவிட்டது என்று நசுக்கிவிடுவார்கள். வளர்ந்த வண்டைப் போலவே அதுவும் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் புழு. கொஞ்சம் வளர்ந்தால் பச்சையாக மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி எதையோ நீட்டி நாற்றத்தை விடும். பெரிய மரத்துக்கு இரண்டு புழு ஒன்றும் செய்யாது. ஒரே தொட்டிக் கறிவேப்பிலை என்றால் மொட்டையடித்துவிடும் என்பதும் உண்மைதான். அப்படியானால் எடுத்துத் தெருவில் உள்ள எலுமிச்சையில் விட்டுவிடலாம்.

மாவுப்பூச்சி விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய அனுபவம் இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக வெள்ளை பூத்தது. வீட்டுச் செம்பருத்தியும் தப்பவில்லை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. 2010இல் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற கடுகளவும் இல்லாத ஒட்டுண்ணிக் குளவியை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும். சில மாதங்களில் தொல்லை வெகுவாக அடங்கியது. இப்படிப்பட்ட குளவிகள்தான் மருந்தடித்தால் முதலில் சாகின்றன, மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி பிழைத்துக்கொள்கிறது. எறும்புகளையும் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக அவை காவல் நின்று குளவியை விரட்டும். தொட்டிக்கு எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நாற்றுப் பண்ணையில் சின்னப் பாக்கெட்டில் கிடைக்கும் இமிடாகுளோப்ரிட் வகைப் பூச்சிமருந்துகள் வேரிலிருந்து ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் கலப்பவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதையும் இதன் சகோதரர்கள் இருவரையும் திறந்தவெளிப் பயிருக்குத் தடை செய்தது. வீட்டில் சாப்பிடும் பத்துத் தொட்டிக்கு இது எதற்கு? வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேனீ போன பிறகு சாயங்காலம் தெளியுங்கள் என்று எல்லோரும் சொல்வது காலையில் பூக்கும் செடிகளுக்குச் சரி. சுரை, பீர்க்கு, புடலைக்கு அதே சாயங்காலம்தான் விருந்தாளி வரும் நேரம். அவற்றுக்குப் பூவில் படாமல் இலையின் அடிப்பக்கம் மட்டும், பிற்பகலிலேயே வெயில் தணிந்ததும் அடித்து முடித்துவிடலாம்.

பூச்சியே வராத மாடிகளில் கைவேலைதான். பரங்கிக்கு விடிந்ததும், சுரை புடலைக்கு இருட்டியதும், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் மடல்களில் மூன்றிலும் படும்படி மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ இருந்தால் இன்னும் நல்லது. அப்படிச் செய்தும் பிஞ்சு கெட்டால் உதிர்ந்ததை நறுக்கிப் பாருங்கள். புழு எதுவும் இல்லாமல் வெறுமனே சுருங்கி மஞ்சளாகியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. தோலில் ஊசி குத்திய புள்ளியும் பிசின் கசிவும் இருந்து, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. மகரந்தம் சேர்ந்திருக்கிறது, காயும் பிடித்திருக்கிறது, ஈதான் முட்டையிட்டுவிட்டது. அதற்குக் காகிதப் பையோ பழைய துணியோ கட்டினால் போதும். மகரந்தம் சேர்ந்து பூ வாடிய பிறகுதான் கட்ட வேண்டும். மொட்டிலேயே கட்டிவிட்டால் தேனீக்கும் வழி அடைந்துவிடும்.